தொட்டால் காயாது

கரண்ட் போனால் ஊரே சேர்ந்து கரண்ட்காரரைத் திட்டும், பஸ் வராவிட்டால் டிரைவரைத் திட்டும், நெட் போனால் மட்டும் எதிரே எவள் உட்கார்ந்திருக்கிறாளோ அவளைத் திட்டும். கோவில்பட்டியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் ஏழு வருஷம் அப்படி எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டாயிரத்துக்குப் பின்னால் வந்த வருஷங்கள் அவை. என் பெயர் ஜோதி. ஆனால் ஊருக்குள் 'நெட்டு பாப்பா' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். என்னைப் போல, தான் செய்யாத தப்புக்குத் தினமும் பேச்சு வாங்கிச் சம்பளம் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நம்ம கதைதான்.

வந்திருக்கு, ஆனா வரல

தங்கவேல் அண்ணாச்சிக்குப் பெரிய தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) ஆப்பிரிக்காவுக்குத் தீப்பெட்டி ஏற்றுமதி செய்தார். எங்களிடம் லைன் வாங்கிய முதல் பெரிய மனுஷர் அவர்தான், அதனால் திட்டுவதிலும் முதல் உரிமை அவருக்கே. ஒருநாள் போன் பண்ணி, "பாப்பா, நெட்டு வந்திருக்கு, ஆனா வரல" என்றார். செய்தி பார்க்கிற பக்கம் திறக்கிறதாம், லாரிக்காரர் மெயில் வருகிறதாம், ஆப்பிரிக்காக்காரன் பக்கம் மட்டும் திறக்கவில்லையாம். "எனக்கு வேண்டியதை மட்டும் பாத்துப் பாத்து எவன் நிப்பாட்டுதான்?" என்று ஒரே சத்தம்.

நேரில் போய் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அண்ணாச்சி, நாம ஒரு கம்பெனி. நமக்குப் பக்கத்துல மதுரைக் கம்பெனி. அவியளுக்கு அடுத்தாப்ல சென்னை, அங்கேருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ. ஒவ்வொருத்தரும் பக்கத்துக்காரர்கிட்ட, 'கோவில்பட்டிக்குப் போகணுமா, எங்க வழியா வாங்க'ன்னு சொல்லி வைப்பாவ. இந்தச் சேதி வாய்க்கு வாய் பரவிக்கிட்டே போகும். நடுவுல ஒருத்தர் அந்தச் சேதியை மறந்துட்டாலோ நம்பாம விட்டாலோ, அவரு பக்கத்துல இருந்து மட்டும் நமக்கு வழி அத்துப் போகும். மத்த ஊரு எல்லாம் வரும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் முகத்தோடு சொன்னார்: "அப்போ ஒயர்ல கோளாறு இல்ல, வாயிலதான் கோளாறுங்கே."

ஒரே வைத்தியம்

எங்கள் முதலாளி அதற்கு முன்னால் கேபிள் டிவி நடத்தியவர். படம் புள்ளி புள்ளியாக வந்தால் பெட்டியை அணைத்து மறுபடி போடுவார், சரியாகிவிடும். அந்த வைத்தியத்தை அப்படியே இன்டர்நெட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். எங்கள் அலுவலகத்து மூலையில் ரவுட்டர் என்று ஒரு பெட்டி. ஊருக்கு வருகிற போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் வழி சொல்லும். யாராவது ஒருத்தர் முகம் சுளித்தால் போதும், "அணைச்சுப் போடும்மா" என்பார். ஃபேன் சுற்றாவிட்டாலும் அதுதான், ஸ்கூட்டர் இருமினாலும் அதுதான். நாளாவட்டத்தில் அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. யார் போன் பண்ணினாலும் யோசிக்காமல் அதையே சொல்ல ஆரம்பித்தேன். கடம்பூரில் ஒரு போளிக்கடைக்காரர் லைன் வரவில்லை என்றார். அணைச்சுப் போடுங்க என்றேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார்: "தாயி, மெயினையே அணைச்சுட்டேன், மாவு மெஷினும் நின்னு போச்சு, இருட்டுல நிக்கேன். நெட்டு வந்துட்டா, இல்ல இன்னும் எதையாவது அணைக்கணுமா?"

வெள்ளிக்கிழமை நாலு மணி

எங்கள் முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தோம். அதில் ஜன்னலோரத்து நாலாவதில் கேமரா உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த இடத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன். அது கோமதி அக்காவின் நேரம்.

கோமதி அக்கா தங்கவேல் அண்ணாச்சி ஆபீஸில் குச்சி காயப் போடுகிற பகுதியில் வேலை பார்த்தார். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சு வராது, பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரே மகன் முருகன் வளைகுடா நாட்டில் வெல்டிங் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குக் காது கேட்கும், பேசுவான். ஆனால் தாயிடம் பேசுவது கையால்தான். நீங்களும் நானும் நெட் இல்லையென்றால் போனை எடுப்போம், போன் இல்லையென்றால் கடிதம் போடுவோம். அவருக்குப் போனும் ஆகாது, கடிதமும் ஆகாது. அந்தச் சின்னச் சதுரத்தில் மகனுடைய ரெண்டு கை தெரிந்தால்தான் அந்த வாரத்துப் பேச்சு. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால், தங்கவேல் அண்ணாச்சி இவரை அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிடுவார்.

துணைக்குப் பேச்சியம்மாள் வருவார், அதே ஆபீஸ், அதே தெரு. கோமதி அக்கா பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுகிறவர். முதல்நாள் பேச்சியம்மாள் திரையில் தெரிந்த முருகனின் கன்னத்தைத் தொடப் போனார். கோமதி அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு ஒரு சைகை செய்தார். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கை விரல் நுனிகளை லேசாக வைத்து, சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்தார். எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மாள் விளக்கினார்: "மருந்து முக்கின குச்சியை மரச் சட்டத்தோட காயப் போடுவோம்லா, அதைக் காயுததுக்குள்ள தொட்டா அத்தனையும் வீணு. 'காயட்டும், தொடாத'ங்கா. அவ புள்ளைய நான் தொட்டா தீக்குச்சி நமுத்துப் போயிருமாக்கும்!"

எங்க பக்கம் கிளியர்

அந்தக் கோடையில் எங்கள் லைனுக்குத் திக்குவாய் வந்துவிட்டது. போகும், ஒரு நிமிஷத்தில் தானாக வரும், மறுபடி போகும். மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டால் அங்கே இருந்த இன்ஜினியர், "எங்க பக்கம் கிளியர் மேடம்" என்பார். அவர் சென்னையைக் கேட்டால் அவர்களும் கிளியர். எல்லோரும் கிளியர், கோவில்பட்டி மட்டும் கலங்கிக் கிடக்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்ள? என்னைப் போன்றவர்களே, இந்த 'கிளியர்' என்ற வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் கேபிள் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு லைன் போகிற வழியே நானே நடந்தேன். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. மே மாத வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, வெடிப்புக்குள் என் குடை பாதி இறங்கியது. அங்கே ஒரு குழியைத் தோண்டி, கேபிள் ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டினார். மண் ரெண்டு பக்கமும் விலகி ஒட்டை இழுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வந்து புது ஒட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியில் சாய்ந்து நின்று சொன்னார்: "மதுரையும் கிளியரு, சென்னையும் கிளியரு. நம்ம காடுதான் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு."

பதினோரு தடவை

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருந்ததே, அதுதான் வினை.

அன்றைக்குக் காலையிலிருந்து தங்கவேல் அண்ணாச்சி லேபிள் படம் ஒன்றை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி போகும், லைன் விழும். அவர் முதலாளிக்குப் போன் போடுவார், முதலாளி என்னைப் பார்த்து "அணைச்சுப் போடும்மா" என்பார், நான் அணைத்துப் போடுவேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா! ஒருவழியாக மூன்றே முக்காலுக்குக் கடைசியாக அணைத்துப் போட்டதும் லைன் விழாமல் நின்றது. எல்லாப் பக்கமும் பளிச்சென்று திறந்தது. தங்கவேல் அண்ணாச்சியின் லேபிளும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு மணிக்கு கோமதி அக்கா வந்தார். வழக்கமாகத் தலையில் பூ இருக்கும், அன்றைக்கு இல்லை. பேச்சியம்மாள் வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார். முந்தின நாள் ஆபீஸ் போனுக்கு முருகனின் கூட்டாளி பேசினானாம். "முருகனுக்குக் கையில அடி, பயப்படாதீங்க" என்றதோடு போன் கட்டாகிவிட்டதாம். எந்தக் கை, எவ்வளவு அடி, விரல் இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. அதிலிருந்து கோமதி அக்கா ஒரு வாய் சாப்பிடவில்லையாம்.

திரையில் முருகனின் பெயர் பச்சையாக எரிந்தது, அங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். படம் கேட்டு அழுத்தினேன். வரவில்லை. திரும்ப அழுத்தினேன். வரவில்லை. மற்ற எதைத் திறந்தாலும் திறக்கிறது, அவன் படம் மட்டும் இல்லை. வந்திருக்கு, ஆனா வரல. மதுரைக்குப் போன் போட்டேன். அந்த மனுஷர் அன்றைக்குக் கிளியர் என்று சொல்லவில்லை, பொறுமையாகப் பார்த்துவிட்டு விளக்கினார். நம்ம லைன் விழும்போதெல்லாம் 'கோவில்பட்டிக்கு வழி இல்லை' என்று உலகம் பூராவும் சேதி போகிறது, எழுந்ததும் 'வழி இருக்கு' என்று போகிறது. ஒரு நாளில் இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால், கொஞ்சம் கண்டிப்பான கம்பெனிக்காரர்கள் நம்மை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். முருகன் இருக்கிற பக்கத்துக் கம்பெனி அப்படிப்பட்டது. கடைசியாக விழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம் நாம் ஒழுங்காக நின்றால் அவர்களாகவே திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் இன்னொரு தடவை விழுந்தால் தண்டனை இன்னும் நீளும். அன்றைக்கு லைன் விழுந்ததில் நாலு தடவை கரிசல் மண் செய்தது, ஏழு நான் என் கையால் செய்தது. அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: "காலையில இருந்து பதினோரு தடவை விழுந்து எந்திரிச்சிருக்கீங்க மேடம். தயவுசெஞ்சு இனிமே ஒண்ணும் செய்யாதீங்க, அதுதான் நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி."

யாரு வேணும்னாலும்

மணி நாலு பத்து. முருகன் உட்கார்ந்திருந்த கடையில் ஒரு மணி நேரம்தான் இடம், அஞ்சு மணிக்கு அடுத்த ஆள் வந்துவிடுவான். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமைதான். எழுத்து மட்டும் வேறு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தது. 'அம்மாவிடம் சொல்லுங்கள், சுகமாக இருக்கிறேன்' என்று ஒரு வரி. வழக்கமாக மடமடவென்று அடிக்கிறவன். அன்றைக்கு அந்த ஒரு வரி வருவதற்கு எவ்வளவு நேரம்! ஒற்றைக் கையால் அடிக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை.

வரியை வாசித்தேன், பேச்சியம்மாள் அதைச் சைகையில் சொன்னார். கோமதி அக்கா திரையில் ஓடின எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டினார். வேகமாகக் கையை அசைத்து என்னவோ சொன்னார். பேச்சியம்மாள் குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்: "இதை யாரு வேணும்னாலும் அடிக்கலாம்லாங்கா. எம்புள்ள சுகமா இருந்தா, அதை அவன் கையால சொல்லட்டுங்கா."

சட்டத்தைத் தொடாதே

நாலரைக்கு முதலாளி உள்ளே வந்தார். பின்னாலேயே, லேபிள் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் தங்கவேல் அண்ணாச்சி. கோமதி அக்கா அழுவதைப் பார்த்ததும் அவர் பதறிவிட்டார். ரெண்டு பேருமே நல்ல மனுஷர்கள், அதுதான் ஆபத்து. "இன்னும் என்னத்துக்குப் பாத்துக்கிட்டு நிக்கே? அணைச்சுப் போடும்மா!" என்று முதலாளி நேரே ரவுட்டர் சுவிட்சைப் பார்த்து நடந்தார். "போடும்வே, போடும், பாவம் அந்தப் புள்ள" என்று தங்கவேல் அண்ணாச்சி வேறு.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மற்ற மூன்று கம்ப்யூட்டர்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியிடம் அதுவரை நான் குரலை உயர்த்தினதே இல்லை. காரணம் சொன்னேன். என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன், ஏழு தடவை அணைத்தவள் நான்தான் என்று. முதலாளி நம்பவில்லை. சும்மா இருந்தால் ஒரு மெஷின் எப்படிச் சரியாகும் என்று அவர் கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றது.

நாங்கள் ஏன் மல்லுக்கட்டுகிறோம் என்று கோமதி அக்கா கேட்க, பேச்சியம்மாள் நாலே அசைவில் சொல்லிவிட்டார்: அந்தப் பெட்டியைத் தொட்டால் கெடும், விட்டால் சரியாகும். கோமதி அக்கா ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார். எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்கு முன்னால் போட்டு, அதை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் முதலாளிக்கும் தன் சொந்த முதலாளிக்கும் எதிரே இடது உள்ளங்கையை விரித்தார், வலது கை விரல் நுனிகளை அதன்மேல் வைத்தார், வெடுக்கென்று எடுத்தார்.

எங்களுக்கு இத்தனை நேரம் புரியாதது அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, இருபது வருஷம் ஈரக் குச்சியைக் காவல் காத்தவர் இல்லையா. தங்கவேல் அண்ணாச்சி வாயைப் பிளந்து நின்றார். பிறகு முதலாளியின் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தார்: "ஏ, வாரும்வே இந்தப் பக்கம். காயாத சட்டத்தைத் தொடாதேன்னு நான் ஆபீசுல கத்துதேன்லா, அதை எனக்கே திருப்பிச் சொல்லுதா!"

ரெண்டு கை

அதற்கப்புறம் நாங்கள் செய்த வேலை, ரவுட்டரில் எரிந்த ஒரு சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். இந்தப் பக்கம் நான் தொடாமல் இருக்கலாம், காட்டுக்குள் அந்த ஒட்டு விட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே! எட்டாத தூரத்தில் வெடித்துக் கிடக்கிற மண்ணைக் கும்பிட்டது அந்த ஒருநாள்தான். நாலு நாற்பது. நாலே முக்கால். படம் கேட்டு அழுத்தினேன், இல்லை. நாலு நாற்பத்தெட்டு, இல்லை. முருகன் 'இன்னும் பத்து நிமிஷம்தான்' என்று அடித்தான். கோமதி அக்கா ஸ்டூலை விட்டு அசையவில்லை. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சதுரம் கறுத்தது, சாம்பல் ஆனது, அதற்குள் ஒரு முகம் வந்தது. "வந்துட்டான்!" என்று நான் கத்தினேன். அது கேட்டா அவர் வந்தார்? என் முகத்தைப் பார்த்தே ஓடி வந்துவிட்டார். முருகன் சிரித்துக்கொண்டே ரெண்டு கையையும் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினான். இடது கை நன்றாக இருந்தது. வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு, கட்டுக்கு வெளியே பெருவிரலும் சுட்டுவிரலும். கோமதி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டுக்குள் இருந்த மற்ற மூன்று விரலைத் தன் கையில் மடக்கிக் காட்டிக் கேட்டார். அவன் கட்டுக்குள்ளேயே அவற்றை அசைத்துக் காட்டினான், துணி லேசாக எழும்பி எழும்பி இறங்கியது. இருக்கின்றன. மூன்றும் இருக்கின்றன. அந்த அம்மா சிரித்ததும் அழுததும் ஒரே நேரத்தில். தங்கவேல் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார், முதலாளி திரும்பி நின்றுகொண்டார். நானும்தான் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு முருகன் கையால் பேசத் தொடங்கினான். இடது கை ஓடும், கட்டுப்போட்ட கை பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கோமதி அக்கா அதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். என்ன என்ன என்று நாங்கள் மூன்று பேரும் பேச்சியம்மாளைப் பிடித்துக்கொண்டோம். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஒரு கை மட்டும் கொஞ்சம் திக்குதுங்கா."

ஏழு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முக்கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான்.